நான் ஷிஃப்டுக்குப் போனால் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்

சுங்குவார்சத்திரத்துல நாங்க மூணு பேர் குடியிருந்த மாடி ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. தூங்க வச்சா நல்லாத் தூங்கும். எழுப்பினா எந்திரிக்காது. உள்ள ஃபேன் மட்டும் ஓடும், ஸ்கிரீன் கருப்பா நிக்கும். பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சு மறுபடி போட்டா, திறந்து வச்சிருந்த வேலை ஒண்ணும் இருக்காது. அதைச் சரி பண்ணுறேன்னு நான் வரிஞ்சு கட்டிக்கிட்டு இறங்கினதும், அந்த வேகத்துல ஒரு பிள்ளையோட பிழைப்பையே கெடுக்கப் பாத்ததும்தான் விஷயம். இப்ப சொல்லுறப்பவும் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா முடிவு நல்லபடியா வந்துட்டு, அதனால சொல்லிரலாம்.

எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. ஊரு திருச்செந்தூர் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடிச்சிட்டு, சர்க்யூட் போர்டு செய்யுற ஒரு கம்பெனியில டெஸ்டிங்ல இருந்தேன். லைன்ல வாற போர்டுல எது நல்லது, எது கெட்டதுன்னு பிரிச்சு, கெட்டதைத் தூக்கிச் சிவப்பு டப்பாவுல போடணும். எட்டு மணி நேரம் குத்தம் கண்டுபிடிச்சுக் கண்டுபிடிச்சு, ரூமுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. சோத்துல உப்பு கூடினா யாரு போட்டதுன்னு கேப்பேன். பக்கெட்ல தண்ணி இல்லைன்னா யாரு கடைசியாக் குளிச்சதுன்னு கேப்பேன். "ஏட்டி, கொஞ்சம் தணிஞ்சுதான் பேசேன்"னு எங்கம்மா போன்ல சொல்லாத நாள் கிடையாது.

மத்த ரெண்டு பேருல ஒருத்தி தேனிக்காரி. வாயே திறக்க மாட்டா, எப்பவும் காதுல எஃப்.எம். இன்னொருத்தி வந்தவாசிக்காரி. ஊரு பேருலயே கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுதான் எங்களுக்குள்ள பேராப் போச்சு. மூணு பேருக்கும் ஒரே கம்பெனி, வேற வேற ஷிஃப்டு, வாரத்துக்கு ஒரு தடவை மாறும். வந்தவாசிக்காரி பேச்சு எனக்கு ஒரே சிரிப்பு. "இன்னாடி, சோறு கீதா?"ம்பா. நான் "என்னட்டி, எங்கட்டி போற"ன்னா அவளுக்குச் சிரிப்பு. ஒருத்தர் பேச்சை ஒருத்தர் பேசிக் காட்டியே பாதி சாயங்காலம் போயிரும்.

கம்ப்யூட்டரு புதுசு ஒண்ணும் இல்ல. ஸ்ரீபெரும்புதூர்ல மூடிப்போன ஒரு டைப்பிங் சென்டர்லருந்து மூணு பேருமாச் சேர்ந்து எடுத்தது. வெள்ளை டப்பா மஞ்சளாப் போயிருந்துச்சு. அதைப் பிரிச்சு பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டினது நான். சிடி எழுதுற டிரைவ் மாட்டினது நான். கடைசியா ரெண்டாவது ரேம் ஒண்ணும் வாங்கிச் செருகினேன். உள்ள பவர் சப்ளை மட்டும் அதோட பிறந்ததுதான். நான் தரையில எல்லாத்தையும் பரப்பி வச்சுட்டு உக்காந்திருந்தா, கீழ் வீட்டுக்கார அக்கா துணி காயப்போட வாறப்ப எட்டிப் பாத்து, "இன்னாமா, ஆப்ரேசன் முடிஞ்சுதா? உசுரு கீதா?"ன்னு கேப்பாங்க. அந்தப் பேச்சு எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. மெஷின்ல கை வைக்க இந்த ரூம்ல எனக்குத்தான் உரிமைன்னு நானே ஒரு சட்டம் போட்டு வச்சிருந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரை நாங்க முழுசா அணைக்கிறதே கிடையாது. அது கம்பெனியில ஒட்டின பழக்கம். ஷிஃப்டு மாறுறப்ப லைனை நிறுத்த மாட்டாங்க. ஓடிக்கிட்டிருக்கப்பவே ஒருத்தி எந்திரிப்பா, அடுத்தவ உக்காருவா. "லைன் ஓடுது, பாத்துக்கோ"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் ஒப்படைப்பு. ரூம்லயும் அதையே செஞ்சோம். அவவ வேலையைத் திறந்தபடியே விட்டுட்டு, கம்ப்யூட்டரைத் தூங்க வச்சுட்டு பஸ் ஏறிருவோம். அடுத்து வாறவ எழுப்பித் தன் வேலையைப் பாத்துக்கிடுவா. முழுசா அணைச்சா அது மறுபடி எந்திரிச்சு நிக்கிறதுக்குள்ள குக்கர்ல சோறு வெந்துரும். அதுவுமில்லாம, ஓடுற லைனை நிறுத்துறது எங்க மூணு பேருக்கும் ஏதோ தப்புப் பண்ணுற மாதிரி.

இன்னொண்ணு. கம்பெனிக்குள்ள யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்லயே பிடுங்கிருவாங்க. அதனால ஷிஃப்டுக்குப் போனா போன் ரூம்லதான் கிடக்கும். ரூம்ல ஒரே ஒரு பிளக்கு, அதையும் கம்ப்யூட்டர் பிடிச்சுக்கிட்டு. அவங்க ரெண்டு பேரும் சார்ஜரைத் தூக்கிக்கிட்டு கீழ அக்கா வீட்டுக்குப் போகணும். எனக்கு அந்த அலைச்சல் இல்ல. எங்க அண்ணன் குவைத்துலருந்து கொண்டுவந்த போனு, கேபிளைக் கம்ப்யூட்டர் முதுகுல சொருகினாலே சார்ஜ் ஏறிக்கிடும். "பணக்காரி போனு"ன்னு வந்தவாசிக்காரி கேலி பண்ணுவா.

இப்ப அவ கதைக்கு வாறேன். அவ காண்ட்ராக்ட்ல இருந்தவ. முதல்ல போர்டுல ஈயம் பத்தவைக்கிற லைன்ல போட்டிருந்தாங்க, ரிஜெக்ட் கூடுதுன்னு பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. அந்த மாசக் கடைசியோட காண்ட்ராக்டு முடியுது, நீட்டிக்க மாட்டாங்கன்னு சூப்பர்வைசர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டாரு. ஊருக்குப் போனா மறு மாசமே மாப்பிள்ளை பாத்துருவாங்கன்னு அவ பயந்துக்கிட்டு இருந்தா. ஆனா அவகிட்ட ஒரு வித்தை இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா ஸ்ரீபெரும்புதூருக்குப் போயி, கம்ப்யூட்டர்ல இயந்திரப் படம் போடுற கிளாஸ் முடிச்சிருந்தா. அங்க சொல்லிக்குடுத்த சார் கைகாட்டி, வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை முதலாளியைப் போய்ப் பாத்தா. ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு, வண்டி பாகத்தை அசையாமப் பிடிச்சு நிறுத்துற இரும்புப் பிடிகளைச் செய்யுற பட்டறை. அவரு பழைய பிடி ஒண்ணைக் கழட்டி, பதினொரு துண்டையும் ஒரு மஞ்சப் பையில போட்டுக் குடுத்தாராம். "அளந்து எல்லாத்தையும் படமாப் போட்டு, அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் சிடியில கொண்டாம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

பையைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்தவ முகத்தைப் பாக்கணுமே! ஒவ்வொரு துண்டா எடுத்துத் துடைச்சு தரையில வரிசையா வச்சா. ரெண்டு வாரத்துக்குள்ள இந்தப் பதினொண்ணும் படமாகணும், இல்லைன்னா வந்தவாசிக்கு டிக்கெட்டு. எங்க மூணு பேருக்குமே அது தெரியும்.

மூணாவது நாளு கம்ப்யூட்டர் முதல் தடவையா எந்திரிக்காமப் போச்சு. நாலு துண்டு வரைஞ்சு முடிச்சு, திறந்தபடியே தூங்க வச்சுட்டுப் போயிருந்தா. திரும்பி வந்து எழுப்பினா கருப்பு. அணைச்சுப் போட்டுப் பாத்தா, அவ ஃபைலு பேரு மட்டும் இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. சேவ் பண்ணினேன், சேவ் பண்ணினேன்னு தலையில அடிச்சுக்கிட்டா. பண்ணித்தான் இருந்தா. பாதியில விழுந்த வேகத்துல டிஸ்க்குல எழுதினதும் கெட்டுப்போச்சு. "இரு, அழாத, நான் பாக்கேன்"னு ஸ்குரூடிரைவரை எடுத்தேன். உண்மையைச் சொன்னா எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. என் கைவரிசையைக் காட்ட ஒரு வேலை வந்துட்டில்லா.

புது ரேம்தான் வில்லன்னு முதல்லயே முடிவு கட்டினேன். அதைப் போட்ட வாரத்துலருந்துதானே இந்தச் சனியன் பிடிச்சது! கழட்டி, கால்களை ரப்பர் வச்சு அழிச்சுத் துடைச்சு மாட்டினேன். இடத்தை மாத்திச் செருகினேன். டிஸ்பிளே டிரைவரை எடுத்துட்டு மறுபடி போட்டேன். ஃபேன்ல ஒரு கைப்பிடி தூசி, அதைப் பிரஷ் வச்சு எடுத்தேன். ஒவ்வொண்ணும் பண்ணி முடிச்சதும் தூங்க வைப்பேன், எழுப்புவேன், டாண்ணு எந்திரிச்சு நிக்கும். "பாத்தியாட்டி, எப்படி!"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ஷிஃப்டுக்குப் போவேன். திரும்பி வந்தா வந்தவாசிக்காரி சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பா. மறுபடி விழுந்திருக்கும். "கண்ணு பட்டிருக்கும்மா"ன்னு அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டாந்து மானிட்டர் மேல வச்சாங்க. அது உருண்டு கீபோர்டுல விழுந்ததுதான் மிச்சம்.

அப்பதான் கம்பெனி மூளை வேலை செஞ்சுச்சு. ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு சுவத்துல ஒட்டினேன். தூங்க வச்ச நேரம், வச்சது யாரு, எழுப்பினது யாரு, எந்திரிச்சா ஓ.கே., எந்திரிக்கலைன்னா என்.ஜி. லைன்ல நாங்க எழுதுற அதே செக் ஷீட்டுதான். ஆளாளுக்கு ஒழுங்கா எழுதினாங்க. அஞ்சு நாள் கழிச்சு அந்தத் தாளு முன்னால நின்னு பாத்தா, எனக்கே புல்லரிச்சுப் போச்சு. விழுந்தது அத்தனையும் நான் ஷிஃப்டுக்குப் போயிருந்தப்ப. நான் ரூம்ல இருந்த நேரத்துல ஒரு என்.ஜி. கூடக் கிடையாது. நான் இருந்தா ஓ.கே., நான் போனா என்.ஜி.!

இதைவிட என்ன சாட்சி வேணும்? நான் இல்லாதப்ப யாரோ நோண்டுறா. தேனிக்காரி டைப்பிங் பழகுறதோட சரி, எதையும் தொட மாட்டா. அப்ப மிச்சம் யாரு?

புதன்கிழமை மத்தியானம் வந்தவாசிக்காரி ஷிஃப்டு முடிஞ்சு வந்து தட்டுல சோறு போட்டு உக்காந்தா. ஒரு வாய் சாப்பிடக்கூட விடல நான். தாளைக் கிழிச்சு அவ முன்னால போட்டேன்.

"இதைப் பாரு. நான் இருக்கப்ப ஏன் விழல? நான் போன பெறவு ஏன் விழுது? உள்ள எதையாவது கழட்டிப் பாக்கியா? உண்மையைச் சொல்லு."

"நான் இன்னாத்துக்குடி நோண்டப் போறேன்? போறது என் ஃபைலுதானே?"

நியாயமான பதிலு. அந்த ஒரு வார்த்தையில நான் வாயை மூடியிருக்கணும். மூடல. "தெரிஞ்சு செய்வியோ தெரியாமச் செய்வியோ, உன் கை பட்டாலே ரிஜெக்ட்தான. அதுக்குத்தான உன்னை லைன்லருந்து தூக்கினாங்க"ன்னுட்டேன்.

சொன்ன நிமிஷமே தெரிஞ்சிட்டு, கூடிப்போச்சுன்னு. அவ தட்டைத் தள்ளி வச்சுட்டு கையைக் கழுவிட்டு வந்தா. நான் அதோடயும் விட்டனா? கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதைத் தேனிக்காரிகிட்ட மட்டும் சொன்னேன். வந்தவாசிக்காரி கிராஃப் தாளும் பென்சிலும் வாங்கிக்கிட்டு வந்து, தரையில குப்புறப் படுத்து கையால வரைய ஆரம்பிச்சா. அவரு சிடியிலதான் கேட்டிருக்காருன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிழிச்ச தாளுக்குப் பதிலா வேற தாளு ஒட்டிட்டு, நான் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். ஊர்ல எங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து, மூணு நாள் லீவு.

ஊர்ல யாரு பேசினாலும் எரிஞ்சு விழுந்தேன். பிள்ளை காது குத்துறப்ப அழுதா, "இதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துதா"ன்னு கேட்டு எங்க அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். மனசு பூரா அந்தத் தட்டுலதான் இருந்துச்சு. தள்ளி வச்ச சோறு. மன்னிப்புக் கேக்கவும் மனசு வரல, ஏன்னா நான் சொன்னது சரிதான்னு இன்னும் நம்பிக்கிட்டிருந்தேன். சொன்ன விதம்தான் தப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

சனிக்கிழமை காலையில வந்து இறங்கினேன். ரூம்ல யாரும் இல்ல. வந்தவாசிக்காரி ஏ ஷிஃப்டு, ரெண்டு மணிக்குத்தான் முடியும். தேனிக்காரி சித்தி வீட்டுக்குக் குன்றத்தூர் போயிட்டா. கம்ப்யூட்டர் தூங்கிக்கிட்டிருந்துச்சு, முன்னால பச்சை லைட்டு விட்டு விட்டு எரியுது. சுவத்துத் தாளைப் பாத்தேன். பாத்ததும் சுர்ருன்னு ஏறிட்டு. புதன் சாயங்காலத்துலருந்து வரிசையாத் தூங்க வச்சது, எழுப்பினது எல்லாம் வந்தவாசிக்காரி கையெழுத்து! நான் பஸ் ஏறின உடனேயே தேனிக்காரி பாஸ்வேர்டைச் சொல்லிட்டா போல. வாயே திறக்காதவ இதுக்கு மட்டும் திறந்திருக்கா பாருங்க, அமுக்குணி.

"வரட்டும், ரெண்டு பேரையும்..."னு முணுமுணுத்துக்கிட்டே கடைசிக் கட்டத்தைப் படிச்சேன். ஓ.கே. அதுக்கு மேல ஓ.கே. அதுக்கும் மேல ஓ.கே. இப்பத் தூங்குறது போக எட்டுத் தடவை தூங்க வச்சிருக்கா, எட்டுத் தடவையும் எந்திரிச்சிருக்கு. நான் ஊர்லயே இல்ல. அவதான் தொட்டிருக்கா, அவ மட்டும்தான். ஒரு தடவைகூட விழல.

அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன். திருட்டுத்தனமாத் தொடுறவ எதுக்கு ஒவ்வொரு தடவையும் நேரம் போட்டு எழுதி வைக்கணும்? நான் வந்து பாப்பேன்னு தெரியாதா அவளுக்கு? தெரிஞ்சுதான் எழுதியிருக்கா. மெஷின்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்க எனக்குத் தாளு வேணும்னு எழுதியிருக்கா. அவளைப் போய் என்ன சொன்னேன்.

சரி, கம்ப்யூட்டரையாவது பாப்போம்னு எந்திரிச்சேன். குளிக்கணும், அதுக்கு முன்னால போன்ல சார்ஜ் இல்லையேன்னு, பையில கையை விட்டு போனை எடுத்து, கம்ப்யூட்டர் முதுகுல தொங்குற கேபிள்ல சொருகப் போனேன். கை பாதியில நின்னுட்டு.

என் கையையே பாத்துக்கிட்டு நின்னேன். ஊருக்குப் போறப்ப போனு என்கூட வந்துச்சு. ரூம்ல இருக்கப்ப தலகாணிப் பக்கத்துல கிடக்கும். ஷிஃப்டுக்குப் போறப்ப மட்டும்தான், கேட்ல விட மாட்டான்னு, இங்க சொருகிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் அம்மா கூப்பிட்டாளான்னு பாக்க, செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னால போனை உருவிருவேன். நான் பரிசோதிக்கிற ஒரு தடவையும் அது அங்க இருந்ததில்ல. அண்ணன் போன் குடுத்ததும் நான் ரேம் போட்டதும் ஒரே வாரம். ரேமைத்தான் சந்தேகப்பட்டேனே ஒழிய, என் போனை நான் சந்தேகப்படுவனா?

போனைச் சொருகினேன். தூங்க வச்சேன். ஒரு காப்பி குடிக்கிற நேரம் விட்டு எழுப்பினேன். கருப்பு. போனை உருவிட்டு அதையே செஞ்சேன். எந்திரிச்சுட்டு. லைன்ல எப்படிச் செய்வோமோ அப்படி, போனோட அஞ்சு தடவை, போன் இல்லாம அஞ்சு தடவை. அஞ்சும் என்.ஜி., அஞ்சும் ஓ.கே. மனசு கேக்காம டப்பாவைத் திறந்து மல்ட்டிமீட்டரை வச்சேன். கம்ப்யூட்டர் தூங்குறப்ப மத்த கரன்ட்டெல்லாம் நின்னுரும், பவர் சப்ளையிலருந்து ஒரே ஒரு ஊதா வயர்ல மட்டும் கொஞ்சூண்டு வரும். அதை வச்சுத்தான் ரேமு ஞாபகத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பழைய பவர் சப்ளை, ரெண்டு ரேமுக்குக் குடுக்கிறதே அதுக்குப் பாடு. அதுல என் போனும் வாயை வச்சா? சொருகினதும் அஞ்சு வோல்ட்டு நாலரைக்கும் கீழ போகுது. கைப்பிள்ளைக்கு எடுத்து வச்ச பாலை விருந்தாளி குடிச்ச கதைதான்.

அப்ப எனக்குத் தோணின கேடுகெட்ட நினைப்பையும் சொல்லிருதேன். ரூம்ல யாரும் இல்ல. கேபிளை உருவிப் பெட்டியில போட்டுட்டு, "ஏதோ லூஸ் கனெக்‌ஷன், சரி பண்ணிட்டேன்"னு சொன்னா முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. என் மானமும் போகாது. கேபிளை உருவக்கூடச் செஞ்சேன். பெட்டியைத் திறந்தேன். சுவத்துல அவ கையெழுத்து எட்டு வரி இருந்துச்சு. பெட்டியை மூடிட்டேன்.

ரெண்டரை மணிக்கு மாடி ஏறி வந்தா. என்னைப் பாத்ததும் வாசல்லயே நின்னுட்டா. "பாஸ்வேர்டு அவளாச் சொல்லல, நான்தான் கேட்டு வாங்கினேன். கத்தறதுன்னா என்னாண்ட கத்து"ன்னா. நான் கேபிளை நீட்டி, "நீ இல்லட்டி. நான்தான். என் போனுதான்"னேன். நடந்ததை எல்லாம் கொட்டினேன். அஞ்சு தடவை, அஞ்சு தடவை, ஊதா வயரு, எல்லாம். கேட்டுக்கிட்டே இருந்தவ, கேபிளைக் கையில வாங்கிப் பாத்தா.

"பத்து நாளுடி"ன்னா. கண்ணு தளும்பிட்டு. "பத்து நாளு நான் என்னையே சந்தேகப்பட்டுகினு இருந்தேன். நெஜமாவே நம்ம கை ராசியில்லாத கைதான் போலன்னு நென்சிகினேன்."

நான் அவ கையைப் பிடிச்சேன். உதறிட்டா. மஞ்சப் பையை எடுத்துத் தரையில வச்சா. பெறவு திரும்பி, "ஒண்ணியும் பேசாத. ஏழுதான் முடிஞ்சிகீது, இன்னும் நாலு கீது. எல்லாத்தையும் கோத்து ஒரு முழுப் படமும் போடணும். நீ அள, நான் வரையறேன்"ன்னா. சாப்பிட்டியான்னு கேட்டேன். தட்டுல சோறு போட்டுப் பக்கத்துல வச்சேன், வரைஞ்சுக்கிட்டே சாப்பிட்டா.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமை பூராவும் நாங்க எந்திரிக்கல. ஒவ்வொரு துண்டா எடுத்து வெர்னியர் ஸ்கேலை வச்சு நான் அளந்து சொல்லுவேன், "முப்பத்தாறு புள்ளி ரெண்டு, ஓட்டை எட்டு"ன்னு. அவ கேட்டுக்கிட்டே வரைவா. என்ன வேகம், என்ன சுத்தம்! சப்பட்டையாக் கிடக்குற கோட்டுலருந்து ஒரு பொருளு எந்திரிச்சு நிக்கிறதை நான் அன்னைக்குத்தான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். இவளையா பேக்கிங்ல போட்டு வச்சிருந்தாங்கன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. பாதியில கிண்டலும் திரும்பி வந்துட்டு. "புள்ளி ரெண்டா, புள்ளி மூணா, ஒழுங்கா சொல்லுட்டி"ன்னு என் பேச்சுலயே என்னை அதட்டினா. ரெண்டு தடவை கம்ப்யூட்டரைத் தூங்க வச்சுட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்தோம், வேணும்னுதான். ரெண்டு தடவையும் எந்திரிச்சுது. ஞாயித்துக்கிழமை பொழுது சாயுறப்ப சிடி எழுதி முடிஞ்சு டிரேயி வெளிய வந்துச்சு. கீழ அக்கா கேசரி கிண்டிக் குடுத்துவிட்டாங்க.

திங்கக்கிழமை எனக்கு ஏ ஷிஃப்டு. அன்னைக்கு நல்ல போர்டைக்கூட ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினேன். கம்பெனி பஸ்ஸுல வந்து சுங்குவார்சத்திரத்துல இறங்கி, ரூமுக்குப் போகாம ஸ்டாப்லயே நின்னேன். மூணு பஸ் போச்சு. நாலாவதுல இறங்கினா. முகத்தைப் பாத்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. "என்னட்டி ஆச்சு, சொல்லித் தொலை"ன்னேன்.

"இருடி, டீ வாங்கிக் குடு முதல்ல."

டீயை ஆத்திக்கிட்டே சொன்னா. முதலாளி சிடியைப் போட்டுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாராம். பெறவு தன்னோட வெர்னியரை எடுத்து, துண்டுல அங்கங்க வச்சுப் பாத்தாராம். அடித்தகடு ஒண்ணுல ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இருக்குற தூரம் அரை மில்லிமீட்டர் தப்பு. "இதை யார் அளந்தது?"ன்னு கேட்டாராம்.

அடித்தகடு நான் அளந்தது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவசரத்துல. அந்தத் தகட்டை அவ அளக்கவே இல்ல.

"நீ என்ன சொன்ன?"

"நான்தான் சார்னேன். குடுங்க, மறுபடி அளக்கறேன்னு வாங்கி, அளந்து, அங்கியே உக்காந்து மாத்திக் குடுத்தேன். ஒண்ணாம் தேதியிலருந்து வந்துடுன்னுட்டாரு."

"ஏட்டி, அளந்தது நானாச்சே! என்னையச் சொல்லியிருக்கலாமே!"

"உன் பேரச் சொன்னா? ஓட்டை தானா நகந்துகினு வருமா?" டீயை ஒரு வாய் குடிச்சா. "தப்பு எங்க கீதுன்னு காட்னாரு, மாத்திட்டேன். அவ்ளோதாண்டி."

சந்தோஷமா, வெக்கமா, என்னன்னு தெரியாம ஹைவேஸ் ஓரத்துல, அத்தனை பேரு பாக்க, விக்கி விக்கி அழுதேன். டீக்கடைக்காரரு அவளைப் பாத்து, "இன்னாமா, பாப்பாக்கு வேல போயிடுச்சா?"ன்னு கேட்டாரு. அவ என் தோளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே சொன்னா, "அய்ய, வேல கெடச்சது எனக்கு. இவ இன்னாத்துக்கு அழுவுறான்னு நீங்களே கேளுங்கண்ணா."